விண்வெளிப் புதிரும் மறைபேழையும்: குறியீட்டை அவிழ்த்து இடம் காணும் முறை

மாலை வேளையில் பூங்காவுக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். கைத்தொலைபேசியைப் பார்த்தவாறு ஒருவர் வேலியோரம் குனிகிறார், நிமிர்கிறார், மரத்தைச் சுற்றி வருகிறார். அருகில் நிற்கும் சிறுவன் கையில் ஏதோ எழுதிய தாளை வைத்திருக்கிறான். அவர்கள் எதையும் தொலைத்தவர்கள் அல்லர். ஜியோகாஷிங் என்னும் திறந்தவெளித் தேடல் விளையாட்டில் ஈடுபட்டிருப்பவர்கள். மேற்குச் சிட்னியின் பூங்காக்களிலும் ஓடைக் கரைகளிலும் இதற்கான சிறு பேழைகள் பல வைக்கப்பட்டுள்ளன. வைத்தவர்களும் பொதுமக்களே, தேடுபவர்களும் பொதுமக்களே.

இப்பேழைகளுள் ஒரு வகை, இருக்குமிடத்தை நேரடியாகக் கூறாது. முதலில் ஒரு புதிரை விடுவித்தல் வேண்டும். இணைய வரைபடத்தில் நீல நிறக் கேள்விக்குறியாகத் தோன்றும் இவ்வகையில், விண்வெளியைக் கருப்பொருளாகக் கொண்டவை பெரிதும் விரும்பப்படுகின்றன. பேரப்பிள்ளைகளுடன் விடுமுறையைக் கழிக்கும் முதியோரும், செலவின்றிக் குடும்பமாக வெளியே செல்ல விரும்புவோரும் பயன்கொள்ளும் பொருட்டு, அத்தகைய புதிரொன்றை எவ்வாறு அவிழ்ப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பிழையாக அவிழ்த்தால் யாருடைய வளவுக்குள் போய் நிற்க நேரிடும் என்பதையும் சேர்த்தே விளக்குகிறது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. இதனைப் 'புதையல் வேட்டை' எனச் சொல்வது வழக்கம். ஆயினும் விளையாட்டின் விதிகளின்படி பேழையை மண்ணைத் தோண்டிப் புதைத்தல் பொதுவாக ஆகாது. ஆகவே, தேடிச் செல்வோர் மண்வெட்டி கொண்டுபோகத் தேவையில்லை; தோண்டவும் கூடாது. இக்கட்டுரையில் 'மறைபேழை' என்ற சொல்லையே பயன்படுத்துவோம்.

விண்ணிலிருந்து தொடங்கிய விளையாட்டு

விண்வெளி இவ்விளையாட்டுக்கு வெறும் அலங்காரம் அன்று. உங்கள் தொலைபேசி இடமறிவது, சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் புவியைச் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞைகளைக் கொண்டே. குறைந்தது நான்கு செய்மதிகளிலிருந்து சமிக்ஞை வந்தடையும் நேரத்தை ஒப்பிட்டுக் கருவி தன் இடத்தைக் கணிக்கிறது. முன்னர் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை சேர்த்திருந்தது. அதனால் கணிப்பு 100 மீற்றர் வரை விலகும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஒறிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிட்டார். சில நாள்களுள் அது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது.

பின்னர் இது விண்ணுக்கும் திரும்பிச் சென்றது. 2008ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் பயணித்த ரிச்சட் கரியொட், அங்கும் ஒரு மறைபேழையைப் பதிவுசெய்தார். 2021ஆம் ஆண்டில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் கருவியொன்றில் இவ்விளையாட்டின் தடமறி எண் பொறிக்கப்பட்டுள்ளது.

அதே ஊர்தி, விண்வெளிப் புதிர் அமைப்போர் பலருக்கு முன்மாதிரியாகவும் ஆயிற்று. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி அது செவ்வாயில் இறங்கியபோது விரிந்த பரசூட்டின் குறுக்களவு 21.5 மீற்றர். அதன் வெண்மையும் செம்மஞ்சளுமான பட்டைகள் ஒழுங்கற்று அமைந்திருந்தன. இறங்கும் காட்சிகள் வெளியான சில மணி நேரத்துள், அவ்வொழுங்கின்மை ஒரு குறியீடு என்பதை ஆர்வலர்கள் கண்டுகொண்டனர். வெண்மையைச் சுழியமாகவும் நிறத்தை ஒன்றாகவும் கொண்டு, பத்துப் பத்துப் பட்டைகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பிரிவும் ஓர் எண்ணாகும். முதல் நான்கு எண்கள் 4, 1, 18, 5. ஆங்கில நெடுங்கணக்கில் அவ்வெண்களுக்குரிய எழுத்துகள் 'துணிக' என்னும் பொருளுடைய சொல்லைத் தருகின்றன. அடுத்த இரு வளையங்களும் சேரும்போது, பெருஞ்செயல்களுக்குத் துணியச் சொல்லும் வாசகம் நிறைவுறுகிறது. வெளி வளையத்திலோ எழுத்துத் தொடர் இல்லை. அதில் இருந்தவை ஆள்கூறுகள்: வடக்கு 34 பாகை 11 கலை 58 விகலை, மேற்கு 118 பாகை 10 கலை 31 விகலை. கலிபோர்னியாவில் அந்த ஊர்தியை உருவாக்கிய ஆய்வுகூடத்தின் இடம் அது. நிறங்கள் எண்களாகி, எண்கள் ஆள்கூறுகளாகி, ஆள்கூறுகள் ஓரிடத்தைச் சுட்டும் அதே வழியில்தான் எமது அயலிலுள்ள புதிர்களும் இயங்குகின்றன.

ஒரு பயிற்சிப் புதிர்

விளக்கத்துக்காக நாமே அமைத்த புதிர் இது. இதற்குரிய பேழை எங்கும் வைக்கப்படவில்லை. பாகைகளும் முழுக் கலைகளும் முன்னரே தரப்பட்டுள்ளன எனக் கொள்க. தசமப் புள்ளிக்குப் பின்வரும் மூன்று இலக்கங்களை, அகலக்கோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் தனித்தனியே காணுதல் வேண்டும்.

'செவ்வாயில் தரித்தேன், வியாழனைச் சுற்றினேன், புதனில் இறங்கினேன். ஞாயிறே எனக்கு முதல். பரசூட் விரிந்தபோது தெரிந்த பட்டைகள் ○●●○ ●○○○ ○○●○. என் ஆறு இலக்கங்களையும் கூட்டினால் 26.'

முதற் பகுதியைப் பாடசாலை மாணவர் ஒருவரிடம் கொடுத்தால், சூரியனிலிருந்து கோள்களை எண்ணுவார். புதன் 1, வெள்ளி 2, புவி 3, செவ்வாய் 4, வியாழன் 5, சனி 6, யுரேனஸ் 7, நெப்டியூன் 8. ஆகவே அவருடைய விடை 451. அதே வரிகளை அவருடைய அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டினால் வேறொரு விடை பிறக்கும். ஞாயிறு முதல் எனின் கிழமை வரிசைதானே? ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 3, புதன் 4, வியாழன் 5. அம்மம்மாவின் விடை 354. ஆங்கிலத்தில் இக்குழப்பம் பெரும்பாலும் எழாது. அங்கே கிழமைப் பெயர்கள் பலவும் கோட்பெயர்களிலிருந்து விலகிவிட்டன. எமது மொழியிலோ ஏழு கிழமைகளும் இன்றளவும் வானத்துப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 'ஞாயிறே முதல்' என்னும் குறிப்பு இரு வழிக்கும் பொருந்துவதால், இருவரையும் பிழையென்று தள்ள முடியாது. தீர்ப்பு வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

இரண்டாம் பகுதி துவித எண்கள். நான்கு இடங்களுக்கும் இடமிருந்து வலமாக 8, 4, 2, 1 என மதிப்பிடுக. நிறமுள்ள வட்டத்தின் மதிப்பை மட்டும் கூட்டுக. ○●●○ என்பது 4உம் 2உம் சேர்ந்து 6. ●○○○ என்பது 8. ○○●○ என்பது 2. விடை 682. வலமிருந்து வாசித்தவருக்கு 614 கிடைக்கும். முதல் எண் எப்பக்கமிருந்து வாசித்தாலும் 6ஆகவே வருவதால், அவர் தம் தவறை உடனே உணரமாட்டார். நிறங்களைத் தலைகீழாகக் கொண்டு, வெள்ளை வட்டத்தை ஒன்றாக எண்ணியவருக்கோ 9, 7, 13 என வரும். 13 என்பது ஓர் இலக்கமன்று. அவ்வழி தானாகவே அடைபடுகிறது.

இப்போது எம்மிடம் நான்கு சேர்க்கைகள் உள்ளன. 451, 682 ஆகியவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் 26. 354, 682 எனின் 28. 451, 614 எனின் 21. 354, 614 எனின் 23. புதிர் கேட்பது 26. மாணவரின் கோள் வரிசையும், இடமிருந்து வாசித்த பட்டைகளும் சரியானவை.

இந்தக் கூட்டுத்தொகைச் சோதனையைப் பலர் வேண்டாத வேலையாகக் கருதி விட்டுவிடுவதுண்டு. அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அகலக்கோட்டில் ஒரு கலையின் ஆயிரத்திலொரு பங்கு நிலத்தில் 1.85 மீற்றர். 451இற்கும் 354இற்கும் இடைப்பட்ட வேறுபாடு 97. அதாவது சுமார் 180 மீற்றர். சிட்னி அமைந்துள்ள அகலக்கோட்டில் கிழக்கு மேற்காக அதே பங்கு ஏறத்தாழ 1.54 மீற்றராகும். ஆகவே பட்டைகளைப் பின்புறமிருந்து வாசித்தவர் 105 மீற்றர் விலகி நிற்பார். தாளில் ஓர் இலக்கம். தரையில், பூங்காவுக்குள் நிற்க வேண்டியவர் ஓடைக்கு அப்பால், புகையிரதப் பாதையோரம், அல்லது முன்பின் அறியாத ஒருவரின் பின்வளவில் நிற்பது.

கூட்டுத்தொகையும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்காது. 451 என்பதை 154 என மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை 10தான். ஆனால் நிலத்திலோ அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட விலகல். எனவே இரண்டாவது காப்பு தேவை. பல புதிர்ப் பக்கங்களில் விடை சரிபார்க்கும் வசதி உண்டு. ஆள்கூறுகளை அதில் இட்டால், சரியா தவறா என்பதைத் தெரிவிக்கும். அவ்வசதி இல்லாவிடின் விதியொன்று துணைசெய்யும். வரைபடத்தில் கேள்விக்குறி இடப்பட்ட இடத்திலிருந்து உண்மையான பேழை பொதுவாக 3 கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். உங்கள் விடை அதற்கு அப்பால் விழுந்தால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டாம்.

இனி, விடை சரியாக இருந்தும் வழிதவறச் செய்வது எழுதும் முறை. இவ்விளையாட்டில் ஆள்கூறுகள் பாகையாகவும் தசமக் கலையாகவும் தரப்படுகின்றன. செயலிகளில் கலை என்பது நிமிடம் எனப்படும். 33 பாகை 49.451 கலை என்பதைச் சில வரைபடச் செயலிகள் கேட்கும் தசமப் பாகையாக மாற்ற, 49.451ஐ 60ஆல் வகுத்தல் வேண்டும். விடை 33.82418. வகுக்காமல் 33.49451 என்று அப்படியே இட்டவர் 36 கிலோமீற்றருக்கு மேல் வடக்கே தள்ளப்படுவார். தெற்கைக் குறிக்கும் எழுத்தையோ கழித்தற் குறியையோ மறந்தவர் வட அரைக்கோளத்துக்கே சென்றுவிடுவார். பின்னையது சிரிப்பை வரவழைப்பதோடு முடிந்துவிடும். முன்னையது சிலவேளை பெற்றோல் செலவையும் வரவழைக்கும்.

வானம் மாறும், புதிர் மாறாது

விண்வெளிப் புதிர்களில் இன்னொரு நுட்பம் உண்டு. விடை உண்மைத் தகவலில் தங்கியிருக்கும். அந்தத் தகவலோ காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறுபடும். 2006ஆம் ஆண்டு வரை புளூட்டோ ஒன்பதாவது கோளாகவே எண்ணப்பட்டது. அதற்கு முன்னர் அமைக்கப்பட்ட புதிரில் 9 என்ற இலக்கம் புளூட்டோவாக ஒளிந்திருக்கலாம். சனியின் நிலவுகள் எத்தனை என்று கேட்கும் புதிருக்கு இன்றைய எண்ணிக்கையை இடுவது பெரும்பாலும் பயன் தராது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் மட்டும் 128 நிலவுகள் புதிதாக ஏற்கப்பட்டு, மொத்தம் 274 ஆயிற்று. ஆகையால் முதலில் பார்க்க வேண்டியது புதிர் வெளியான திகதி. வொயேஜர் விண்கலங்களில் முதலில் ஏவப்பட்டது எது என்பதும் விருப்பமான பொறி. 1977ஆம் ஆண்டில் இரண்டாம் வொயேஜரே முந்திப் புறப்பட்டது.

அவுஸ்திரேலியாவில் வசிப்போர் சந்திரனில் மனிதர் கால்வைத்த நாள் பற்றிய வினாவில் சிறப்பாகக் கவனம் செலுத்த வேண்டும். அமெரிக்க நேரப்படி அது 1969ஆம் ஆண்டு யூலை 20. அவ்வேளை சிட்னியில் யூலை 21, நண்பகல் கடந்து ஏறத்தாழ ஒரு மணி. உள்ளூர்ப் புதிர் அமைப்பாளர் எதனைக் கருதினார் என்பதைப் புதிரின் பிற குறிப்புகளிலிருந்தே உய்த்துணர வேண்டும். அந்த முதற் காலடியின் காட்சியை உலகுக்குக் கொடுத்த நிலையம் எது என்றும் கேட்பார்கள். 64 மீற்றர் விட்டமுடைய பார்க்ஸ் தொலைநோக்கி என்பதே பலர் நாவில் வரும் விடை. 'தி டிஷ்' திரைப்படம் அதற்குப் பெரிதும் காரணம். உண்மையில் அக்கணத்தின் காட்சி கன்பராவுக்கு அருகிலிருந்த ஹனிசக்கிள் கிறீக் நிலையத்தினூடாகவே ஒளிபரப்பானது. பார்க்ஸ் சில நிமிடங்கள் கழித்து இணைந்து, எஞ்சிய நேரத்தை ஏற்றது.

வெளியே செல்லும்போது

ஒவ்வொரு பேழைக்கும் புதிரின் கடினமும் நிலத்தின் கடினமும் 1 முதல் 5 வரை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். நில மதிப்பு 1 எனின் சக்கர நாற்காலியில் செல்லக்கூடிய இடம் என்பது பொருள். முதியோருடன் செல்லும் குடும்பங்கள் இதிலிருந்து தொடங்குவது நன்று. புதிரின் கடினத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அது வீட்டு மேசையில் முடிகிற வேலை.

மரப்பொந்திலோ கல்லிடுக்கிலோ வெறுங்கையை விடாதீர்கள். முதலில் தடியால் தட்டுங்கள், விளக்கடித்துப் பாருங்கள். வெப்ப மாதங்களில் புல்லிலும் ஓடைக்கரையிலும் பாம்புகள் நடமாடும். சிட்னிப் பகுதியில் நச்சு வலைச் சிலந்தியும் உண்டு. பாம்போ அச்சிலந்தியோ கடித்ததாக ஐயம் எழுந்தால் கடிவாயைக் கழுவவோ கீறவோ வேண்டாம். கடிபட்டவரை அசையாது இருத்தி, கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் அழுத்தக் கட்டுப் போட்டு, 000 இலக்கத்தை அழைக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதவர், அம்புலன்ஸ் சேவையுடன் தொடர்பு கிடைத்ததும் 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். மறைவாக எதையோ தேடுபவரைக் கண்டு அயலவர் ஐயுறுவது இயல்பு. எம்மவருள் சோதனைச் சாவடிகளையும் சுற்றிவளைப்புகளையும் கடந்து வந்தோர் பலர். காவல்துறை வாகனம் அருகில் வந்து நின்றால் அவர்களது நெஞ்சு பதறும். விலகிச் சென்றுவிடத் தோன்றும். அவ்வாறு அவசரமாக விலகுவதே ஐயத்தை மிகுவிக்கும். இவ்விளையாட்டு சட்டவிரோதமானதன்று. யாரேனும் வினவினால் நின்று, ஜியோகாஷிங் விளையாடுவதாகச் சொல்லி, தொலைபேசியில் உள்ள புதிர்ப் பக்கத்தைக் காட்டுங்கள். அது பெரும்பாலும் போதுமானது. தனியாகச் செல்லும் பெரியவர்கள் பாடசாலை, சிறுவர் பராமரிப்பு நிலையம், சிறுவர் விளையாட்டிடம் ஆகியவற்றின் ஓரமாகத் தேடுவதைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் உள்ள குடும்பமாக வேறொரு நாளில் வருவது மேல். ஆள்கூறு தனியார் காணிக்குள் காட்டினால், பேழை அங்கே இருக்கிறது என்று கொள்ளாமல், கணக்கில் பிழை இருக்கிறது என்று கொண்டு திரும்புங்கள்.

பேழையைக் கண்டபின் உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரையும் திகதியையும் எழுதுக. சிறு பொருளொன்றை எடுத்தால் அதற்கு ஈடான அல்லது மேலான பொருளை வைக்க வேண்டும். உணவுப் பொருள் வைத்தல் ஆகாது. விலங்குகள் பேழையைச் சிதைத்துவிடும். பின்னர் இருந்த இடத்திலேயே, இருந்தவாறே வைத்துவிடுக. விடையை மற்றவர் காணும்படி எங்கும் எழுத வேண்டாம்.

சில தேடல்களின் பின் தாமே புதிர் அமைக்கும் ஆசை பலருக்கு எழும். தமிழ் இலக்கங்களைக் குறியீடாகக் கொள்ளலாம் என்பது பலருக்குத் தோன்றும் எண்ணம். ௧ என்பது ககரம் போலவும் ௨ என்பது உகரம் போலவும் தோன்றுவதால் எம் பிள்ளைகளே திணறுவார்கள். ஆயின் பேழை வைக்கும் இடத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்றிருத்தல் கட்டாயம். சபைப் பூங்காவாயின் எமது வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, இடத்தைக் குறித்த வரைபடத்துடன் எழுதுக. தேசியப் பூங்காவாயின் அதன் நிருவாகத்திடம் தனியே அனுமதி பெறுதல் வேண்டும். உள்ளிருப்பது தெரியும்படியான பேழையைத் தேர்ந்து, அதன் மேல் விளையாட்டின் பெயரை ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுக. பெயரற்ற கறுப்புப் பெட்டியொன்று பாலத்தடியில் காணப்பட்டால் காவல்துறை அதனை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. ஏற்கெனவே உள்ள இன்னொருவரின் பேழையிலிருந்து உங்கள் பேழை 161 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். வெளியிடப்படுமுன் தன்னார்வப் பரிசீலகர் ஒருவர் இவற்றைச் சரிபார்ப்பார்.

விளையாட்டின் இணையத்தளத்தில் அடிப்படைக் கணக்குத் திறப்பது இலவசம். கணினியோ இணைய இணைப்போ இல்லாதோர் சபை நூலகங்களிலுள்ள கணினிகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அனுமதி பற்றித் தமிழில் உரையாட விரும்புவோர் 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, சபையுடன் தொடர்புபடுத்துமாறு கேட்கலாம்.